"வயசு போயிட்டுது" என்று விடுவதற்கு முன்: கிழட்டு நாயை வீட்டில் பராமரிப்பது

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டு நாய்க்கு 13 வயது, 15 கிலோ. பின்னங்கால் இழுக்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளாக இரவில் இருமலும் இருக்கிறது. அம்மா "அதுக்கு வயசு போயிட்டுது, விடு" என்கிறாராம். கால் நோவுக்கு வீட்டில் இருக்கிற பனடோலைக் கொடுக்கலாமா, என்ன சாப்பாடு கொடுப்பது, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. மிருக வைத்திய அலுவலகம் ஒன்றில் 22 வருசம் மருந்து எடுத்துக் கொடுத்து, நாயின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். எங்கள் வளவிலும் மூன்று நாய்கள் கிழடாகிச் செத்திருக்கின்றன. மருந்தின் அளவை நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலையை மட்டும் சொல்கிறேன். அதுவே பாதி வைத்தியம்.

பனடோல் கொடுக்காதீர்கள். நாய்க்கும் மனிதருக்கும் ஈரல் வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் சின்ன உடம்புக்கு அரை மாத்திரை என்ற கணக்கு இங்கே சரிவராது. பனடோலில் இருக்கிற பரசிட்டமோலைவிட மோசம் ஐபுபுரோபன், டைக்ளோபெனக் என்ற நோவுக் குளிசைகள். அவை நாயின் குடலில் புண் போடும், இரத்தம் கலந்த கறுப்பு மலம் போகும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை ஒரேயடியாக நிறுத்தியும் விடும். எங்கள் அலுவலகத்துக்கு வாந்தியோடு வந்த கன நாய்களின் கதை "கால் நோவுக்கு வீட்டில இருந்த குளிசை ஒண்டு குடுத்தனாங்கள்" என்றுதான் தொடங்கும்.

இந்த நாயின் சிக்கல் மூன்று வருத்தமும் ஒன்றையொன்று இழுப்பதுதான். மூட்டு நோவுக்கு நாய்களுக்கென்றே உள்ள மெலொக்சிகம் நல்ல மருந்து, ஆனால் சிறுநீரகம் பழுதென்றால் டொக்டர் யோசித்துத்தான் எழுதுவார். சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும், அதற்குத் தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவார்கள். இருமல் இதயத்தால் வருகிறதென்றால் அதே சேலைன் நுரையீரலில் போய் நிற்கும். இதயத்துக்குக் கொடுக்கிற ஃபுரோசமைட் தண்ணீரை வெளியே தள்ளும், அது சிறுநீரகத்தைக் காய வைக்கும். சொறிக்கென்று யாரோ வாங்கிக் கொடுத்த பிரெட்னிசலோன் மிச்சம் வீட்டில் இருந்தால் அதையும் நோவு மருந்தோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ஓட்டை விழும் அளவுக்குப் புண் வரலாம். ஆகவே இருமலுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று ஆள் மாற்றி மருந்து வாங்காமல், எல்லாவற்றையும் ஒரே டொக்டர் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் ஒரு குளிசையும் உள்ளே போகக் கூடாது.

அந்த டொக்டர் நாயைப் பார்ப்பது 10 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அது உங்களோடு இருக்கிறது. அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்றே மூன்று விஷயம் எழுதினால் போதும்: குடித்த தண்ணீர், தூங்கும்போது மூச்சு, கிழமைக்கு ஒருமுறை நிறை.

தண்ணீர் விஷயத்தில் நானே பிழை விட்டவன். எங்கள் கறுப்பனுக்கு 11 வயது நடந்தபோது பேசினில் தண்ணீர் நிற்பதே இல்லை. வைகாசி, ஆனி மாதம். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, வளவுப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது. "வெக்கைக்குக் குடிக்குது" என்று நானும் சொன்னேன், மனிசியும் சொன்னாள். ஐப்பசியில் மழை தொடங்கி வாடைக் காற்றும் வந்தது. அப்போதும் அவன் அதே அளவு குடித்தான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரத்தம் எடுத்தபோது, சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கிரியட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது. அந்தக் கிரியட்டினின் எப்போது ஏறும் தெரியுமா? சிறுநீரகத்தின் வேலை செய்யும் பகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான். தண்ணீர்த் தாகம் அதற்கு முன்பே சொல்லிவிடும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான் என் வீட்டில் நாலைந்து மாதத்தை விட்டுவிட்டேன்.

அளப்பது லேசு. ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலைக் காலையில் நிரப்பி வையுங்கள். பேசினுக்கு ஊற்றுவதெல்லாம் அதிலிருந்து மட்டும். அடுத்த நாள் காலை போத்தலிலும் பேசினிலும் மிச்சம் இருப்பதைக் கழித்தால் குடித்தது தெரியும். ஒரு நாய் ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லிலீட்டர் குடிப்பது சாதாரணம். 100 மில்லிலீட்டருக்கு மேல் போனால் அது வருத்தம். உங்கள் 15 கிலோ நாய்க்குக் கணக்கு வசதியாக வந்துவிடுகிறது, முழுப் போத்தலும் காலியானால் அதுதான் எல்லை. வீட்டுக்குள் மூத்திரம் போகிறதென்று சிலர் இரவில் பேசினை எடுத்து ஒளித்து வைப்பார்கள். சிறுநீரகம் பழுதான நாய்க்குச் செய்யக் கூடிய ஆகப் பெரிய கொடுமை அது. தரையைத் துடையுங்கள், தண்ணீரை எடுக்காதீர்கள்.

மூச்சை எண்ணுவது இருமலுக்காக. நாய் ஆழ்ந்து தூங்கும்போது, நாக்கை நீட்டி இளைக்காத நேரத்தில், நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இரண்டு மூன்று தடவை எண்ணியும் 30க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேண்டும், நுரையீரலில் நீர் சேர்வதை இதைவிட முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் வீட்டில் வேறில்லை. நாக்கோ ஈறோ நீலம் அல்லது வெள்ளை பாய்ந்தால் கொப்பியை விட்டுவிட்டு ஓட்டோவைப் பிடியுங்கள். இருமுவதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டொக்டரின் மேசையில் ஏற்றியதும் எந்த நாயும் இருமாது. மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் இருமும், இதயம் பெருத்தாலும் இருமும். இரண்டின் சத்தமும் வேறு, அதைக் கேட்டால் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நிறைக்கு, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். கொழுத்த நாய்க்கு மூட்டு நோவு கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வந்தது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை நடுக்கணக்கில் 13 வருசம் இருந்தன, மற்றவை 11.2 வருசம். மூட்டுவாதமும் மெலிந்தவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. ஆனால் உங்கள் நாய்க்கு இப்போது பயப்பட வேண்டியது நிறை குறைவதற்குத்தான். இடுப்பில் தசை வற்றி முள்ளந்தண்டு கையில் தட்டுப்படத் தொடங்கினால் சாப்பாடு போதவில்லை, அல்லது குமட்டல் இருக்கிறது.

சாப்பாடு. இங்கே பெரும்பாலான வீடுகளில் நாய்க்குச் சோறும் மீன்கறி மண்டியும்தான். கூடவே முள்ளு, தலை, கருவாட்டுத் துண்டு. சிறுநீரகம் பழுதான நாய்க்கு இதில் இரண்டு பிழை உண்டு. ஒன்று பொஸ்பரஸ், அது எலும்பிலும் முள்ளிலும் ஈரலிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கருவாட்டிலும் நிறைய இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, அது இரத்தத்தில் சேர்ந்து மிச்சச் சிறுநீரகத்தையும் தின்னும். மற்றது வெங்காயம். சொதியிலும் கறியிலும் கரைந்து போனாலும், அவித்தாலும் பொரித்தாலும் அதன் நஞ்சு போகாது. நாயின் சிவப்பணுவை அது உடைக்கும். உள்ளியும் அப்படித்தான். இரத்தம் ஊறச் சொல்லும் சுரப்பைக் கொடுப்பதே சிறுநீரகம்தான், அது பழுதாகியிருக்கும்போது இரத்தத்தையும் உடைத்தால் என்ன மிஞ்சும்? தேங்காய்ப்பால் கொழுப்பு வேறு கணையத்தைக் கெடுக்கும்.

ஆகவே கறிச் சட்டிக்கு முன்னாலேயே அதற்கு எடுத்துவிடுங்கள். குழைய வடித்த சோறு, உப்பில்லாமல் அவித்த பூசணி, கொஞ்சம் கோழி இறைச்சி, முட்டை வெள்ளைக் கரு. முட்டை வெள்ளையில் புரதம் நல்லது, பொஸ்பரஸ் மிகக் குறைவு. அதனால் இந்த வருத்தத்துக்கு அது பெரிய உதவி. இறைச்சியை அடியோடு நிறுத்திச் சோறு மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் தசை உருகிவிடும். இந்தச் சாப்பாட்டில் கல்சியமும் சில விற்றமினும் போதாது. மாதக் கணக்கில் கொடுப்பதென்றால் எதைச் சேர்ப்பது என்று டொக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக வருத்தத்துக்கென்று விற்கிற பக்கெட் சாப்பாடு கட்டுப்படியாகுமென்றால் அதுதான் சுலபம், ஒரு கிழமை எடுத்துப் பழைய சாப்பாட்டோடு கலந்து மெல்ல மாற்றுங்கள். சாப்பிட மறுத்தால் இளஞ்சூடாக்கிக் கையில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், மணம் எழும்பினால் பாதி நாய்கள் சாப்பிடும். உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் வடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அது குமட்டல். அடம் பிடிக்கிறதென்று நினைத்து வாயில் திணிக்காதீர்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

இனிக் கால். நாய் நோவுக்குக் கத்தாது. முன்னங்கால் மணிக்கட்டை நக்கி நக்கி மயிர் செம்பட்டை ஆகியிருக்கும், படியில் கால் வைத்து யோசிக்கும், சாப்பாட்டுக்கு எழும்பவே நேரமெடுக்கும். இவை எல்லாவற்றையும்தான் நாங்கள் "வயசு போயிட்டுது" என்கிறோம். வயசு ஒரு வருத்தமல்ல, நோவுதான் வருத்தம். நோவுக்கு மெலொக்சிகம் சரிவராவிட்டால் கபபென்டின் போன்ற வேறு வகை மருந்து இருக்கிறது. சிறுநீரகத்துக்காக அதன் அளவையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

மருந்துக்கு முன் நிலத்தைப் பாருங்கள். வழுக்குகிற சீமெந்தும் டைல்ஸும்தான் கிழட்டு நாயின் முதல் எதிரி. ஒரு தடவை பின்னங்கால் விரிந்து விழுந்தால் அதற்குப் பிறகு எழும்பவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பேசினுக்கு, பேசினிலிருந்து வாசலுக்கு, பழைய சாக்கை அல்லது தும்புத் தடுக்கை வழியாக விரித்துவிடுங்கள். ஓரத்தை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே சறுக்கும். நடக்காத நாயின் நகம் தேயாது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்டுங்கள்.

பின்னங்காலைத் தூக்கிக் கொடுக்க ஒரு பழைய சாரம் போதும். நீளமாக நாலாக மடித்து, வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு முன்னால் கொடுங்கள். இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே சேர்த்து ஒரு கையால் பிடியுங்கள். ஆண் நாயென்றால் குறி நசியாமல் கொஞ்சம் முன்னே தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் நடுவழியில் நின்றுவிடும். தூக்கக் கூடாது, பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வது மட்டும்தான், கால் நிலத்தில் பட்டபடி அதுவே நடக்க வேண்டும். கறுப்பன் முதல் நாள் திரும்பி என்னைக் கடிக்கப் பார்த்தான். மூன்றாம் நாள் சாரத்தை எடுத்ததும் வாலாட்டினான்.

நடக்க விடுவது நல்லது, ஆனால் தூரம் குறைவாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. உப்புவெளிக் கரைப்பக்கம் கொண்டுபோனால் அலை நனைத்து இறுகின மணலில் நடக்க விடுங்கள், காய்ந்த மணலில் கால் புதைந்து மூட்டு இன்னும் வலிக்கும். விடியற்காலை 6 மணிக்குள் போய் வந்துவிட வேண்டும். கரைவலை இழுத்த இடத்தில் மட்டும் கயிற்றை விடாதீர்கள். ஆகாத மீனென்று எறிந்துவிட்டுப் போன பேத்தை அங்கே கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, நாய் உடம்பு செயலிழந்து மூச்சடங்கிப் போய்விடும்.

உண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வராத நாய் குறைவு. அந்தக் கிருமி வருசக் கணக்கில் உடம்பில் ஒளிந்திருந்து இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே சிறுநீரகம் பழுதென்ற இடத்தில் அதற்கும் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். டொக்சிசைக்கிளின் எழுதினால் 4 கிழமை முழுவதும் கொடுக்க வேண்டும், நாலாம் நாள் உசாராகிவிட்டதென்று நிறுத்தக் கூடாது. குளிசை தொண்டையில் ஒட்டினால் சுடும், சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள். நாயில் இருக்கிற உண்ணி கொஞ்சம்தான், மிச்சம் சுவர் வெடிப்பிலும் கட்டிலுக்கடியிலும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய், மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து, தோட்டத்து மருந்து ஒன்றையும் கிழட்டு நாயின் தோலில் பூசாதீர்கள். அது நக்கும்.

இரவில் எழும்பி அலைவதும், மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதும், கதவின் கீல் பக்கம் நின்று திறக்கச் சொல்வதும் தொடங்கினால் அது மனிதருக்கு வருகிற மறதி வருத்தம் போன்றது. பகலில் கொஞ்சம் விழித்திருக்க வையுங்கள், இரவில் சின்ன வெளிச்சம் விடுங்கள், கதிரை மேசையை இடம் மாற்றாதீர்கள். ஆனால் நோவிருந்தாலும் நாய் இரவில் தூங்காது. முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

எழும்ப முடியாத நிலை வந்தால் வேலை கூடும். தடித்த மெத்தை, அதன் மேல் துடைக்கக் கூடிய ஒரு விரிப்பு, அதற்கு மேல் பழைய துணி. மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பிலும் முழங்கையிலும் புண் வரும். மூத்திரம் பட்ட இடத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி ஒற்றி உலர்த்துங்கள். குழந்தைகளுக்குப் பூசுகிற துத்தநாகக் களிம்பைப் பூசாதீர்கள், நக்கினால் நஞ்சு. பகலிலும் நுளம்பு வலை போடுங்கள். நுளம்புக்காக அல்ல, இலையானுக்காக. மாரியில் ஈரமான மயிரில் இலையான் முட்டை போட்டால் அடுத்த நாளே புழு நெளியும். வாலடியை மயிர் விலக்கித் தினமும் காலையில் பாருங்கள், மேலே ஒன்றும் தெரியாது, மணம்தான் முதலில் வரும்.

ஊசி போட்டு அனுப்புவதைப் பற்றி எங்கள் ஆட்கள் பேச மாட்டார்கள், பாவம் என்பார்கள். அப்படிச் சொல்கிற சிலரே நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். என் கணக்கு இது: கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நல்ல நாளா, கூடாத நாளா என்று ஒரு புள்ளி போடுங்கள். சாப்பிட்டதா, உங்களைக் கண்டு தலை தூக்கியதா, நோவில்லாமல் தூங்கியதா என்பதைப் பார்த்து. இரண்டு கிழமையில் கூடாத நாள் மிஞ்சினால் டொக்டரோடு அந்தப் பேச்சைப் பேச வேண்டிய நேரம். உங்கள் நாய் இன்னும் அங்கே வரவில்லை. கால் இழுத்துக்கொண்டாவது வாசலுக்கு வருகிறதென்று எழுதியிருக்கிறீர்களே.

பேராதனை. பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் ஸ்கான், இதயப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். உங்கள் விஷயத்தில் இருமல் இதயத்தாலா என்று தெரியாமல் மற்ற இரண்டுக்கும் மருந்து போடுவது கஷ்டம். அதனால் ஒருமுறை போய் வருவது வீண்செலவல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூச்சுக் கணக்கு 30க்கு மேலே நிற்கும்போது அந்தப் பயணம் போகாதீர்கள், முதலில் இங்குள்ள டொக்டரிடம் காட்டி மூச்சை இறக்கிக்கொண்டு போங்கள். அவரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். கூடவே கொண்டுபோக வேண்டியவை: இரண்டு கிழமைக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் தாள், இருமல் வீடியோ, கொடுத்த மருந்தின் வெற்றுப் பட்டைகள், காலையில் பிடித்த மூத்திரம் ஒரு சுத்தமான போத்தலில். மூத்திரத்தைப் பிடிக்க அகப்பையைப் பின்னாலிருந்து நீட்ட வேண்டும், முன்னால் போனால் நிறுத்திவிடும். விடியப்புறமே வெளிக்கிட்டால் வெயிலேறுமுன் தம்புள்ளை தாண்டலாம், ஆனால் கந்தளாய் கழிந்து ஹபரணை வரை யானை நிற்கும், வாகனக்காரரை மெல்ல விடச் சொல்லுங்கள்.